கதையில் வரும் கங்காணி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கதை எழுதத் தொடங்கும் இளையவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேச வேண்டும் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டார். கதைத் தலைவனைப் பற்றியும் தலைவியைப் பற்றியும் பேசுவதற்குப் பலர் உள்ளனர். நான் அவர்களுக்கு எதிரே நிற்கின்றவனைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன். கொடியவன் என்றும் தீயவன் என்றும் நூல்களில் எழுதுகிறோம். படம் பார்த்துப் பழகிய வாய்க்கு அவன் வில்லன்.

இதை நான் தெரிந்தெடுத்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு சிறுகதைப் போட்டிக்காகத் தோட்டத்துக் கதை ஒன்று எழுதினேன். அதில் ஒரு கங்காணி வருவார். முறுக்கிய மீசை, கறுப்புக் கோட்டு, கையில் குடை, வெற்றிலைச் சிவப்பேறிய வாய். கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் மீது அவருக்குக் கண். அவள் இணங்காததால் அவள் புருஷனுக்குப் பற்றுச்சீட்டு வாங்கிக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே விரட்டுகிறார். கடைசியில் தொழிலாளர் ஒன்று திரண்டு கேள்வி கேட்க, கங்காணி தலைகுனிகிறார். எழுதி முடித்தபோது எனக்குப் பெரும் திருப்தி. தபாலில் சேர்ப்பதற்கு முதல் நாள் இரவு அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கேட்டு முடித்துவிட்டு அடுப்படியில் இருந்தபடியே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்யா, நீ எழுதியிருக்கிற இந்தக் கங்காணி சோறே திங்க மாட்டானா?"

எனக்கு விளங்கவில்லை. "அவனுக்கு வீடு இல்லையா, பொண்டாட்டி புள்ள இல்லையா, காய்ச்சல் தலைவலி ஒண்ணும் வராதா?" என்று மேலும் கேட்டார். அதன் பிறகு சற்றுத் தணிந்த குரலில், "எங்கப்பாவும் கங்காணிதானே," என்றார்.

தாத்தா கங்காணியாக இருந்தவர் என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் சில்லறைக் கங்காணி. இருந்தும் கதை எழுத உட்கார்ந்தபோது அவர் என் நினைவுக்கு வரவேயில்லை. வந்தது சினிமாவில் பார்த்த கங்காணி. கதையைப் போட்டிக்கு அனுப்பினேன், பரிசு கிடைக்கவில்லை. அது போகட்டும்.

வில்லன் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழில் வில்லை உடையவன் என்று பிரித்துப் பொருள் கொண்டால் நம் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தின் மன்மதனே முதல் வில்லனாகிவிடுவான். கரும்பு வில் ஏந்தியவன் அல்லவா? ஆனால் நாம் வழங்கும் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அது பிரெஞ்சு வழியாக இலத்தீனின் 'வில்லா' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. வில்லா என்றால் பண்ணை வீடு, பண்ணைத் தோட்டம். அந்தப் பண்ணையில் கட்டுண்டு வேலை செய்த குடியானவனுக்கே முதலில் அந்தப் பெயர் இருந்தது. பிரபுக்கள் அவனை இழிந்தவன், நாகரிகமற்றவன் என்று பேசிப் பேசி, அவன் பெயர் கொடியவன் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. தோட்டத்துத் தொழிலாளியின் பெயர்தான் வில்லன் என்று முதன்முதலில் அறிந்தபோது நான் அகராதியை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். பெயர் வைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்கு எதிரே நிற்பவன் வில்லனாகிறான். கதை எழுதுபவர் கையிலும் அந்த அதிகாரம் இருக்கிறது.

இனிக் கங்காணிக்கு வருவோம். மலையகப் புனைகதையில் அடிக்கடி வரும் கொடியவர்கள் மூவர்: துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி. இவர்களில் துரை தூரத்தில் இருப்பவர். பங்களாவும் குதிரையும், பிற்காலத்தில் மோட்டார் சைக்கிளும், விளங்காத மொழியும் அவரை மறைத்துக்கொள்ளும். கங்காணி அப்படியல்ல. அவர் லயத்திற்கு வரும் மனிதர். தொழிலாளியின் ஊர்க்காரர், பல சமயங்களில் உறவினர். எழுத்தாளனுக்கு அவரைவிட வளமான பாத்திரம் கிடைப்பது அரிது. நாமோ அவரை மீசையோடு நிறுத்திவிட்டோம்.

வரலாறு அவரை எப்படிக் காட்டுகின்றது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880இல். அதற்கு முந்திய பல பத்தாண்டுகள் இந்த நடைப் பயணந்தான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் கணக்கற்றோர். அந்தக் கூட்டத்தின் முன்னால் நடந்து வந்தவர் கங்காணி. ஊரில் கடன்பட்டு நின்ற குடும்பத்துக்கு முற்பணம் கொடுத்தவரும் அவரே. வழியில் கஞ்சிக்கு அரிசி வாங்கியவரும் அவரே. அந்த அரிசிக்கும் கணக்கு எழுதிக்கொண்டார். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது தொழிலாளியின் பெயருக்கு நேரே ஒரு கடன் தொகை இருந்தது. அந்தக் கடன் தீரும் வரையில் அவன் கங்காணியின் ஆள்.

கங்காணியின் நிலையையும் பார்க்க வேண்டும். முற்பணத்துக்கான காசை அவர் தோட்டத்திடம் பெற்றார், செட்டிமாரிடமும் கடன் வாங்கினார். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்குச் சில சதம் என்று அவருக்குத் தலைக்காசு உண்டு. ஓர் ஆள் காய்ச்சலில் படுத்தால் அந்த ஆளின் தலைக்காசு போயிற்று. ஓர் ஆள் இரவோடிரவாக ஓடிவிட்டால் கடன் கங்காணியின் தலையில் விழுந்தது. 'துண்டு' என்ற ஒரு முறை இருந்ததை மூத்த நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு தோட்டத்துத் துரை, "இந்தக் கங்காணியும் இவரது ஆட்களும் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைச் செலுத்துபவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம்" என்ற கருத்துப்பட எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. வேறு தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுப்பார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கடன் பெருத்துக்கொண்டு போயிற்று. 1921இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை ஒரு மனிதனின் விலை ஒரு கடதாசித் துண்டில் எழுதப்பட்டு மலைக்கு மலை சென்று வந்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கணக்கில் வில்லன் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பாருங்கள். கங்காணி ஏமாற்றினார், அடித்தார், பெண்களைத் துன்புறுத்தினார் என்பவை பொய்யல்ல. அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள். ஆயினும் கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாத ஒரு கங்காணியைக் கற்பனை செய்துகொண்டாலும், காய்ச்சலில் கிடப்பவனை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு இழுத்து வரும்படி அந்தக் கணக்குப் புத்தகம் அவரைத் தூண்டும். எழுப்பி வந்தவர் மாலையில் கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சி அனுப்பவும் கூடும். இரண்டும் ஒரே மனிதரின் செயல்கள். வாசகர் நம்பக்கூடிய கொடியவன் அங்கேதான் கிடைக்கிறான்.

புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் தமிழ்ப் புனைகதைக்குள் கொண்டு வந்த முக்கியமான படைப்பு. வாசவன்பட்டியிலிருந்து பிழைக்க வரும் மருதி படும் பாடு அதில் விரிகின்றது. அதில் வரும் வெள்ளைக்கார மனேஜரைவிட, மருதியைக் கப்பலேறச் செய்த ஊர் நிலைமையே எனக்குப் பயமூட்டுவது. மனேஜர் தோட்டத்தில் காத்திருக்கும் முதலை; அவளை அந்தக் கரைக்குத் தள்ளியவர்கள் சொந்த ஊரில் பூசையும் புனஸ்காரமுமாக நல்ல பெயருடன் வாழ்கிறார்கள். இந்தியாவின் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். பாலாவின் 'பரதேசி' படம் 2013இல் அந்தக் கதையைத் தழுவி வந்தது. அதில் ஆள் பிடிக்கும் மேஸ்திரி முதலில் நல்லவராகத்தான் வருகிறார். இனிமையாகப் பேசுகிறார், காசு கொடுக்கிறார், நம்பிக்கை கொடுக்கிறார். வறுமையில் கிடப்பவனுக்குக் கை கொடுக்க வந்த முதல் மனிதர் அவர்! வாசகரும் அவரை நம்பி அந்த வண்டியில் ஏறிவிடுகிறார். மீசையை முறுக்கிக்கொண்டு வந்திருந்தால் யார் ஏறியிருப்பார்கள்?

படங்களைப் பற்றிப் பேசும்போது எம். என். நம்பியாரை விட்டுவிட முடியாது. எம்.ஜி.ஆர் படம் பார்க்கத் தோட்டத்திலிருந்து மாத்தளை டவுனுக்கு நடந்து போனவர்கள் நம்பியாரைத் திரையிலேயே திட்டித் தீர்ப்பார்களாம். அவரோ சொந்த வாழ்க்கையில் ஐயப்ப பக்தர், பலருக்குக் குருசாமி. கையைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டும் அந்த வில்லத்தனம் நமக்குப் பெரும் இன்பம் தந்தது, மறுக்க மாட்டேன். எனினும் படம் முடிந்து வெளியே வந்தபின் அவரை நினைத்து யாரும் பயந்ததில்லை. பயம் என்பது மறுநாட் காலை பெரட்டுக்களத்தில் இருந்தது.

நம் இலக்கியத்திலே நல்ல ஆசான்கள் இருக்கிறார்கள். உயர்தர வகுப்பில் கம்பராமாயணம் கற்பிக்கும்போது மந்தரை வரும் இடத்தில் நான் அவசரப்படுவதில்லை. இராமன் சிறு பிள்ளையாக இருந்தபோது விளையாட்டாக வில்லிலிருந்து விட்ட மண்ணுருண்டை அந்தக் கூனியின் முதுகில் பட்டது. அரண்மனையில் எல்லாரும் மறந்துபோன அந்தச் சிறு சம்பவத்தை மந்தரை மறக்கவில்லை என்கிறான் கம்பன். ஒரு பேரரசு கவிழ்வதற்கு ஓர் உண்டை மண்! அடித்த குழந்தைக்கு அது விளையாட்டு, சுற்றி நின்றவர்களுக்கு வேடிக்கை, கூனுக்கு மட்டும் வலி. மந்தரை செய்வது பெருந்தீங்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த உண்டையைப் படித்தபின் வகுப்பில் யாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கைகேயியையும் பாருங்கள். இராமனுக்கு முடிசூட்டு என்ற செய்தி கேட்டதும் மகிழ்ந்து மந்தரைக்கு மாலை பரிசளித்தவள் அவள். அப்படிப்பட்ட தாயைப் படிப்படியாகத் திருப்பி எடுக்கிறான் கம்பன். கொடியவளாகப் பிறந்தவளை அவன் காட்டவில்லை. கொடுமையை நோக்கி ஒருத்தி நடந்து போவதைக் காட்டுகிறான். எந்தப் படியில் நின்றிருந்தால் அவள் திரும்பி வந்திருக்கலாம் என்று நாம் ஏங்கும்படி செய்கிறான்.

சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பெயர் கிடையாது. கோவலன் அவனை மதுரை வீதியில் முதன்முதலாகக் காணும்போது நூறு பொற்கொல்லர் பின்தொடர, சட்டை அணிந்து, கையில் குறட்டோடு வருகிறான். அரண்மனையில் செல்வாக்குள்ள கண்ணியமான மனிதன் என்று கோவலன் எண்ணியதில் தவறில்லை. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன். அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயத்தில் இருந்தவன். கோவலன் மீது அவனுக்குப் பகை ஏதுமில்லை. சிலம்போடு வந்த அந்நியன் ஒருவன், அவ்வளவுதான். தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி எதிரே நடந்து வந்தது. மிகச் சாதாரணமான, நம்மில் யாருக்கும் வரக்கூடிய பயம் அது.

அதன்பின் நடப்பதையும் கவனியுங்கள். பாண்டியன் அரசியின் ஊடல் தணிக்கப் போய்க்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பொற்கொல்லன் காலில் விழுகிறான். அரசன் விசாரிக்கவில்லை. காவலரோ கோவலனைப் பார்த்து, இவன் கள்வன் போலத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அந்த இடத்தில் பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே களவு நூல் பேசுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வருக்குத் துணையானவை எட்டு என அடுக்குகிறான். கள்வர்களைப் பற்றி அவன் சொல்வதெல்லாம் அவனுக்கே பொருந்துகின்ற உண்மை. தயங்கி நின்றவர்களின் நடுவிலிருந்து, கள்ளுண்ட காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கொலைக்குக் காரணம் யார்? பயந்த ஒரு திருடன், வீட்டுக் கவலையில் இருந்த ஓர் அரசன், தயங்கியும் தடுக்காத காவலர், குடித்திருந்த ஒருவன். இளங்கோ பழியை ஒரே தோளில் ஏற்றவில்லை.

ஆனால் அந்தக் காப்பியத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு செய்தி உண்டு. நான் அதை வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை. பாண்டிய நாடு மழையின்றி வறண்டதாம். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்துச் சாந்தி செய்தானாம். நேயர்களே, களவு செய்தவன் ஒருவன். அவன் தொழிலைச் செய்ததைத் தவிர அந்த ஆயிரம் பேர் என்ன செய்தார்கள்? கதையில் வந்த வில்லனுக்குப் பெயர் இல்லை, தொழில் மட்டும் இருந்தது. பெயரில்லாதவனின் பழி தொழிலின் மேல் இறங்கிவிட்டது.

1983 ஆடிக் கலவரத்தில் மாத்தளை நகரம் எரிந்தபோது நான் கைக்குழந்தை. கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. என்னைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு அம்மா ஓடி ஒளிந்தது ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில், நெல் மூட்டைகளின் பின்னால். எங்கள் லயத்தைக் கைகாட்டிக் கொடுத்தவரும் அதே கிராமத்தவரே என்று பின்னர் கேள்விப்பட்டோம். இன்று என் மாணவர் சிலர் பெற்றோர் சொன்னதைக் கேட்டு அந்த நாளைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டு வருகிறார்கள். கதையில் வருகிறவனுக்குப் பெயர் இல்லை. 'சிங்களவன்' என்று மட்டும் இருக்கிறது. நான் சிவப்பு மையால் அந்தச் சொல்லின் கீழ்க் கோடிட்டு, "இவருடைய பெயர் என்ன? என்ன வேலை செய்தார்? அன்று காலை எங்கே இருந்தார்?" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன். சிங்களப் பாடசாலை ஒன்றில் 'தெமளா' என்று மட்டும் எழுதி வரும் பிள்ளைக்கும் இதே கோட்டை இட ஓர் ஆசிரியர் இருப்பார் என்று நம்புகிறேன். கைகாட்டிய அந்த மனிதரை மன்னித்து எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரை எழுதுங்கள் என்கிறேன். அவர் கைகாட்டினார், அவருடைய இனம் கைகாட்டவில்லை.

இளம் எழுத்தாளர்கள் என்னிடம் முறை கேட்பதுண்டு. முறை என்று பெரிதாக ஏதுமில்லை. கொடியவன் வரும் காட்சியை ஒரு தடவை அவன் வாயாலேயே சொல்லி எழுதிப் பாருங்கள். அதை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம், கிழித்தும் போடலாம். தான் கெட்டவன் என்று அவன் சொல்லமாட்டான். தன் மனைவியிடம் அன்று இரவு என்ன சொல்வானோ அதைத்தான் சொல்வான். அவன் சொல்வதில் பாதியாவது உங்களுக்கு நியாயமாகப் படவில்லையென்றால் அவனை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை. இன்னொன்று, அவனுடைய கெட்ட குணத்தை வருணிக்க வேண்டாம். கொடூரமானவன், ஈவிரக்கமற்றவன் என்ற சொற்களை வெட்டிவிட்டு, அவன் கை என்ன செய்தது என்று மட்டும் எழுதுங்கள். அம்மாவின் கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் போதும்: அவன் என்ன சாப்பிட்டான்?

தாத்தாவைப் பற்றி அம்மா அன்று சொன்னதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது பத்து வயதிருக்கும். தாத்தாவின் பிரட்டில், அதாவது அவருடைய ஆட்களில், ஒரு பெண் இருந்தாள். தாத்தாவின் பங்காளி மகள், ஒரே ஊர். கைக்குழந்தைக்காரி. ஒரு மழைக்காலக் காலையில் குழந்தைக்குக் காய்ச்சல். பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு வர நேரமாகிவிட்டது. பிந்தி வந்தால் திருப்பி அனுப்புவார்கள் அல்லது அரைப்பேர் போடுவார்கள். அதற்கு முன் கிழமை வேறொரு பெண் பிந்தி வந்து, தாத்தா அவளுக்கு அரைப்பேர் சொல்லியிருந்தார். இப்போது சொந்தக்காரி வந்து நிற்கிறாள். நிரையில் நின்ற அத்தனை பெண்களும் தாத்தாவின் வாயைப் பார்க்கிறார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோலை விரித்துக்கொண்டு நிற்கிறார். தாத்தா, "அரைப்பேர்" என்றார்.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. மழையில் நனைந்தபடி நிரையில் ஏறினாள். அந்தி வரையில் எடுத்தாள். கொழுந்து மடுவத்தில் மற்றவர்களுக்குச் சமமாகவே நிறுத்தாள். பேர் அரைதான்.

வீட்டுக்கு வந்த தாத்தா சாப்பிடவில்லையாம். அம்மாயி ஏசினார். "சொந்தக்காரின்னு பார்க்காம போட்டியே" என்பது அம்மாயியின் கட்சி. "சொந்தக்காரிங்கறதாலதான் போட்டேன்" என்றாராம் தாத்தா. விளக்கு வைத்தபின் ஒரு சட்டியில் அரிசியும் கொத்தமல்லியும் கட்டி அம்மாவிடம் கொடுத்து அவள் காம்பராவுக்கு அனுப்பினார். அவள் வாங்கிக்கொண்டாள். மறுநாள் சட்டியைத் துலக்கிக் கவிழ்த்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் தாத்தாவோடு அவள் பேசவேயில்லை. வேலை செய்தாள், பேர் போட்டார், பேச்சில்லை. குழந்தை பிழைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தாத்தா இறந்தபோது அவள் வந்தாள். ஒப்பாரி வைத்த பெண்களோடு சேரவில்லை. லயத்துக் கடைசிக் காம்பராவின் வாசலில், தப்பு அடிப்பவர்களுக்குப் பின்னால், பிணம் எடுக்கும் வரை உட்கார்ந்திருந்தாளாம்.

"நீ எழுதணும்னா அத எழுது" என்றார் அம்மா. இருபது வருடங்களாக எழுதிப் பார்க்கிறேன். தாத்தா சொன்ன காரணம் சரியென்று ஒரு நாள் தோன்றுகிறது. சொந்தக்காரி என்பதால் வயிற்றில் அடிப்பது என்ன நியாயம் என்று மறுநாள் தோன்றுகிறது. அன்று அவருக்கு முன்னால் இருந்தது முழுப்பேரும் அரைப்பேரும் மட்டுந்தானா, அந்தச் சட்டத்தைப் போட்டது யார், அதைக் கேட்காமல் தாத்தாவை மட்டும் நிறுத்தி வைத்து நான் விசாரிப்பதேன் என்றும் தோன்றுகிறது. அந்தப் பெண் கடைசிக் காம்பரா வாசலில் எதற்காக உட்கார்ந்திருந்தாள் என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. கதை முடியவில்லை.

கங்காணிகளின் காலம் போய்விட்டது. தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகின, தொண்ணூறுகளில் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போயின. இன்றைய பிள்ளைகளின் கதைகளில் மீசைக்காரர் வருவதில்லை. போன தவணையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கதை கொண்டு வந்தாள். நுண்கடன் வசூலிக்க ஒவ்வொரு வியாழக்கிழமையும் மோட்டார் சைக்கிளில் லயத்துக்கு வரும் ஓர் இளைஞனைப் பற்றியது. தவணை கட்டாத பெண்ணின் வாசலில் இருட்டும் வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். பெண்ணுக்கு அவமானம் தாங்காது. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், சிரிக்கும்போது கடைவாய்ப் பல் தெரிந்தது. என் மீசைக்காரக் கங்காணியின் பேரன்தான். நானும் அம்மாவின் கேள்வியை அவளிடம் கேட்டு அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்து வந்தாள். "சேர், அவன் பக்கத்து டிவிசன் பையன். அவங்க அக்காவும் அதே கம்பனியில கடன் எடுத்திருக்கா. அக்காட வீட்டுக்கு வியாழக்கிழமை வேற ஆள் போறாராம்," என்றாள். கதையை என்ன செய்தாய் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டாளாம், அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது தேத்தண்ணி கொடுப்பார்களா, கொடுத்தால் குடிப்பானா என்று தெரியாமல் நிறுத்தி வைத்திருக்கிறாளாம். அடுத்த வியாழக்கிழமை பார்த்துவிட்டு வந்து எழுதுவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.